தோன்றா எழுவாய்: மலக்குழிச் சாவுகளும் சட்டப் பிரதிகளும்

"விஷவாயு தாக்கி இருவர் பலி." மலக்குழிச் சாவு எங்கே நடந்தாலும் நம்முடைய நாளிதழ்கள் இந்த ஒரு வாக்கியத்தைத்தான் போடுகின்றன. ஊர் மாறும், எண்ணிக்கை மாறும், வாக்கியம் மாறாது. தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு இதில் ஒரு கேள்வி உண்டு. தாக்கியது எது? விஷவாயு. செத்தது யார்? இருவர். சரி, அந்த இரண்டு பேரைக் குழிக்குள் இறக்கியது யார்? வாக்கியத்தில் அந்த ஆள் இல்லை. மூடியைத் திறக்கச் சொன்னவன், கூலி பேசியவன், இடுப்பில் கட்ட ஒரு கயிறுகூடக் கொடுக்காதவன், இதையெல்லாம் தடுக்க வேண்டிய அதிகாரி, ஒருத்தரும் இல்லை. வாயுதான் குற்றவாளி. வாயுவுக்கு யார் விலங்கு போடுவது?

இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்று ஒன்று படிக்கிறோம். 'வந்தான்' என்றால் எழுவாய் வெளியே தெரியாது, ஆனால் வினையின் விகுதி அவனைக் காட்டிக்கொடுத்துவிடும். மலக்குழிச் செய்தியில் அந்த விகுதியும் கிடையாது. எழுவாயை ஒளித்துவைத்திருக்கிறார்கள். இந்த ஒளிப்பு பத்திரிகை அலுவலகத்தில் தொடங்கவில்லை. அது சட்டப் புத்தகத்தில் தொடங்குகிறது என்பதுதான் என் வாதம்.

இங்கே நான் வாசிக்க எடுத்துக்கொண்டவை கவிதையோ நாவலோ அல்ல. 1993-ஆம் ஆண்டுச் சட்டம், 2013-ஆம் ஆண்டுச் சட்டம், அதன் விதிகள், சில தீர்ப்புகள். தலித் விமர்சனம் மனுவைக் கட்டுடைத்திருக்கிறது. புராணங்களைத் தலைகீழாக வாசித்திருக்கிறது. நம்மை ஒடுக்க எழுதப்பட்ட பிரதிகளை அப்படிக் குடைந்து பார்த்த நாம், நம்மைக் காப்பாற்றுவதாகச் சொல்லி எழுதப்பட்ட பிரதிகளை வக்கீல்களின் மேசையிலேயே விட்டுவிட்டோம். அவற்றையும் அதே கண்ணோடு படிக்க வேண்டும். தடை, தண்டனை, பாதுகாப்புச் சாதனப் பட்டியல் எல்லாம் அந்தப் பிரதிகளில் இருக்கின்றன. 'இதை யார் கண்காணிப்பது' என்ற இடம் வரும்போது மட்டும், கண்காணிக்கப்பட வேண்டியவன் கையிலேயே சாவியைக் கொடுத்துவிடுகின்றன.

1

கையால் மலம் அள்ளுவோரை வேலைக்கு அமர்த்துவதையும் உலர் கழிப்பிடம் கட்டுவதையும் தடைசெய்யும் சட்டம் 1993-ல் வந்தது. அந்தக் காலத்தை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. அம்பேத்கர் நூற்றாண்டு முடிந்த சூடு ஆறாத நேரம். பாமாவின் 'கருக்கு' 1992-ல் வந்திருந்தது. நம் வாழ்க்கையை நாமே எழுதத் தொடங்கியிருந்தபோது, டில்லி நம்மைப் பற்றி ஒரு பிரதி எழுதியது.

அந்தப் பிரதி எந்த அறையில் பிறந்தது என்று பாருங்கள். பொதுச் சுகாதாரம் என்ற தலைப்பின் கீழ். அது மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம். எனவே மாநிலச் சட்டமன்றங்கள் தீர்மானம் போட்டு ஏற்றால்தான் செல்லும். 1993-ல் இயற்றிய சட்டம் 1997 ஜனவரி 26 அன்றுதான், அதுவும் சில மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் மட்டும், நடைமுறைக்கு வந்தது. பிரச்சினை கக்கூஸாகப் பார்க்கப்பட்டது. கக்கூஸைச் சுமந்த தலை இரண்டாவதாகத்தான் வந்தது.

தண்டனை என்ன? ஓராண்டு வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது கூடப் பரவாயில்லை. முக்கியமான பகுதி அதற்குப் பிறகு வருகிறது. இந்தக் குற்றத்துக்கு வழக்குத் தொடர வேண்டுமானால் நிர்வாக அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். அவர் அதிகாரம் கொடுத்த ஆள் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் ஏற்கும். நிர்வாக அதிகாரி என்றால் மாவட்ட ஆட்சியர், அல்லது அவருக்கு அடுத்த நிலையில் உள்ளவர். மூன்று மாதத்துக்குள் புகார் போகாவிட்டால் வழக்கு செத்துப்போகும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். பீ அள்ள ஆள் வைத்திருப்பது பெரும்பாலும் நகராட்சி, பேரூராட்சி. நகராட்சி மீது புகார் கொடுக்க அரசாங்கத்தின் அதிகாரியே அனுமதி கொடுக்க வேண்டும். கூடையைச் சுமந்த பெண்ணுக்கு இந்தப் பிரதியில் வாய் இல்லை. அவளுக்காக வேறொருவர் பேசுவார், அவருக்கு மனமிருந்தால். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான். அந்தச் சட்டத்தின் கீழ் சிறைக்குப் போன ஒரு அதிகாரியின் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை.

2

இரண்டாவது பிரதி 2013-ல் வந்தது. டிசம்பர் 6, அம்பேத்கர் நினைவு நாளில் நடைமுறைக்கு வந்தது. இது முதலாவதைவிட நல்ல சட்டம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. மறுவாழ்வு பற்றிப் பேசுகிறது. சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் உள்ளே கொண்டுவருகிறது. அபாயகரமான சுத்தம் செய்ய ஆளை இறக்கினால் முதல் தடவை இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் ஐந்து ஆண்டு வரை, 5 லட்சம் வரை. பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம், ஜாமீனில் விட முடியாத குற்றம்.

ஆனால் வரையறைப் பகுதிக்குப் போங்கள். எந்தச் சட்டமானாலும் அதன் அரசியல் வரையறையில்தான் இருக்கும். கையால் மலம் அள்ளுபவர் யார் என்று நீளமாகச் சொல்லிவிட்டு, கீழே ஒரு விளக்கம் சேர்த்திருக்கிறார்கள். மத்திய அரசு அறிவிக்கும் கருவிகளோடும் பாதுகாப்புச் சாதனங்களோடும் மலத்தை அகற்றுபவர் 'கையால் மலம் அள்ளுபவர்' ஆக மாட்டார். கையில் உறை மாட்டினால் கை கையல்ல என்று ஆகிவிடுகிறது. மலம் அதே மலம்தான், குழி அதே குழிதான், இறங்குகிற சாதியும் அதேதான். பெயர் மட்டும் மாறிவிட்டது.

இன்னொரு பிரிப்பும் உண்டு. உலர் கழிப்பிடத்தில் அள்ளுவது ஒரு பெயரில், சாக்கடைக்குள் இறங்குவது 'அபாயகரமான சுத்தம்' என்ற வேறொரு பெயரில். அந்த இரண்டாவது பெயருக்கும் ஒரு நிபந்தனை: வேலை கொடுப்பவர் பாதுகாப்புச் சாதனம் கொடுக்காமல், முன்னெச்சரிக்கை எடுக்காமல் இறக்கினால்தான் அது அபாயகரமானது.

இந்தப் பெயர் விளையாட்டு எங்கே போய் முடிந்தது தெரியுமா? 2021-ல் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது: கையால் மலம் அள்ளியதால் இறந்ததாகத் தகவல் எதுவும் இல்லை. அதே ஆண்டு அதே அரசு கொடுத்த இன்னொரு கணக்கு: சாக்கடை, செப்டிக் டேங்க் சுத்தம் செய்தபோது 1993-லிருந்து இறந்தவர்கள் 941 பேர். அதில் 213 பேர் தமிழ்நாட்டில். நாட்டிலேயே முதலிடம் நமக்கு. ஒரே வாயால் பூஜ்யமும் சொல்ல முடிகிறது, 941-ம் சொல்ல முடிகிறது. எந்தப் பெயரில் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சமூகநீதி மண், பெரியார் மண் என்று பேசுகிறவர்கள் அந்த 213-ஐ ஒரு மேடையிலாவது வாசிக்கட்டும்.

சாதி? பிரதியில் அது எங்கோ முகவுரையில் நிழலாட்டமாக இருக்கிறது. கணக்கில் அது பளிச்சென்று தெரிகிறது. அரசு நடத்திய கணக்கெடுப்புகளில் கையால் மலம் அள்ளுவோர் என்று அடையாளம் காணப்பட்டவர்கள் 58,098 பேர். இதில் சாதி விவரம் கிடைத்தது 43,797 பேருக்கு. அவர்களில் பட்டியல் சாதியினர் 42,594 பேர். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. இதற்கு மேலும் இதைச் சுகாதாரப் பிரச்சினை என்று யாராவது சொன்னால் அவர்களோடு நமக்குப் பேச ஒன்றும் இல்லை.

3

2013-ஆம் ஆண்டு விதிகளில் ஒரு பட்டியல் இருக்கிறது. வேலை கொடுப்பவர் தர வேண்டிய பாதுகாப்புச் சாதனங்கள் 44. நான் அதைப் பலமுறை படித்திருக்கிறேன். மூச்சுக் கருவி, காற்றை உள்ளே தள்ளும் ஊதுகருவி, நான்கு வாயுக்களைக் கண்டுபிடிக்கும் கருவி, ஆளைத் தூக்கும் முக்காலி, உடல் முழுக்கக் கட்டும் வார், நைலான் கயிற்று ஏணி, தலைவிளக்கு, ரப்பர் பூட்ஸ், கண்ணாடி, மழைக்கோட்டு, தோலில் பூசும் களிம்பு வரை உண்டு. படிக்கும்போது நிலாவுக்குப் போகிற ஆளுக்கு எழுதியது போல இருக்கிறது.

ஏன் இத்தனை என்று கேட்டால், அந்தக் குழியின் குணம் அப்படி. மலமும் கழிவும் காற்றில்லாமல் அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு சேரும். ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. 'வாடை போயிடுச்சி, இறங்கலாம்' என்று நினைக்கிற நேரம்தான் சாகிற நேரம். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் அடியில் படுத்துக் கிடக்கும், காலால் கலக்கினால் கிளம்பும். நம்ம ஆட்கள் தீக்குச்சியைக் கொளுத்திப் போட்டுப் பார்ப்பாங்க. மீத்தேன் இருந்தால் அந்தத் தீக்குச்சியே எமன். ஒருத்தன் சாய்ந்ததும் அவனைத் தூக்க அண்ணன் தம்பி இறங்குவான், அவனும் சாய்வான். செய்தியில் எப்போதும் 'இருவர்', 'மூவர்' என்று வருவதன் காரணம் இதுதான். நம்முடைய பாசமும் அந்தக் குழியில் கொலைக்கருவி ஆகிவிடுகிறது.

ஆக, அந்த 44-ம் வேண்டியவைதான். பட்டியல் பொய் இல்லை. அது யாருக்காக எழுதப்பட்டது என்பதுதான் பிரச்சினை. 2022, 2023 ஆண்டுகளில் நடந்த 54 சாவுகளை ஒன்றிய அரசே சமூகத் தணிக்கை செய்தது. 49 பேர் உடம்பில் எந்தப் பாதுகாப்புச் சாதனமும் இல்லை. பட்டியல் வந்து பத்து வருஷம் ஆன பிறகு! நாற்பத்து நான்கில் ஒன்றுகூட இல்லை.

இந்த விதிகளில் ஒரு கதவும் இருக்கிறது. சாதனங்களோடுகூட ஆளை இறக்கக் கூடாது என்று தொடங்கும் விதி, சில விலக்குகளைச் சொல்கிறது. உடைந்த மூடியை எடுக்க, புதுக் குழாயைப் பழையதோடு இணைக்க, அடியில் உள்ள மோட்டாரைக் கழற்ற, குழியைச் செப்பனிட. கடைசியாக ஒன்று: உள்ளாட்சியின் தலைமை அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிவு செய்து அனுமதித்தால், தவிர்க்க முடியாத எந்தச் சூழ்நிலையிலும். தவிர்க்க முடியாதது என்று யார் முடிவு செய்வது? இறக்குகிறவரே. தடையும் விலக்கும் ஒரே பேனாவில்.

44 சாதனங்களை விலை கொடுத்து வாங்குவதைவிட ஒரு சேரி ஆளை முந்நூறுக்கும் ஐந்நூறுக்கும் பேசி இறக்குவது மலிவு. சாதி இந்த ஆளைத் தயாராக வைத்திருக்கும் வரை இயந்திரம் வராது. இயந்திரம் இல்லாததால் சாதி இருக்கிறது என்று சொல்கிறவர்கள் காரணத்தையும் விளைவையும் மாற்றிச் சொல்கிறார்கள். 2023-ல் ஒன்றிய பட்ஜெட் உரையில் 'மேன்ஹோல்' இனி 'மெஷின்ஹோல்' ஆகும் என்றார்கள். 2020-ல் தமிழக அரசு துப்புரவுப் பணியாளரைத் 'தூய்மைப் பணியாளர்' ஆக்கியது. பெயர் வைப்பதில் நம் அரசுகளுக்கு ஈடு இணை கிடையாது.

4

கண்காணிப்பு என்ற சொல்லுக்கு வருகிறேன். நம் வாயில் அந்தச் சொல்லுக்கு வேறு வரலாறு உண்டு. கண்காணி என்றால் தேயிலைத் தோட்டத்தில் நம் பாட்டன்மாரை வேலை வாங்கியவன். பண்ணையில் களத்துமேட்டில் நின்று நம்மை எண்ணியவன். அவன் கண் எப்போதும் நம் மேல்தான். முதலாளி மேல் போனதே கிடையாது.

இன்றும் அப்படித்தான். நாக்பூர், பஞ்ச்குலா, சண்டிகர் நகரங்களில் துப்புரவுப் பணியாளர்களின் கையில் ஜி.பி.எஸ். கடிகாரம் கட்டினார்கள். எத்தனை மணிக்கு வந்தார், எங்கே நின்றார், எத்தனை நிமிடம் உட்கார்ந்தார் என்று அலுவலகத்தில் திரையில் தெரியும். ஒரு பெண் தொழிலாளி ஒண்ணுக்குப் போனால்கூடத் தெரியும். அந்தக் கடிகாரத்தை ஒரு காண்ட்ராக்டர் கையில் கட்டிப் பார்த்திருக்கிறார்களா? ஒரு குழி மூடி திறந்தால் அலுவலகத்தில் மணி அடிக்கும்படி செய்தார்களா? அறிவியல் இல்லாமல் இல்லை. அது யார் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுதான் விஷயம்.

2013 சட்டம் கண்காணிப்புக்கு என்ன ஏற்பாடு செய்தது? மாவட்டத்துக்கு ஒரு கண்காணிப்புக் குழு. தலைவர் மாவட்ட ஆட்சியர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். மாநிலத்துக்கு ஒரு குழு. தலைவர் முதலமைச்சர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை. சட்டத்தை அமல்படுத்தும் அதிகாரத்தை ஆட்சியருக்கோ உள்ளாட்சிக்கோ கொடுக்கலாம். குற்றத்தை விசாரிக்கும் நீதிபதியின் அதிகாரத்தையும் நிர்வாக நடுவருக்கு, அதாவது வருவாய்த்துறை அதிகாரிக்கு, மாநில அரசு கொடுக்கலாம். அமல் செய்பவர், கண்காணிப்பவர், தீர்ப்புச் சொல்பவர் மூவரும் ஒரே காம்பவுண்டுக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். குற்றம் செய்த நகராட்சியின் ஆணையரும் அதே கூட்டத்துக்குத்தான் வந்து தேநீர் குடித்துவிட்டுப் போவார்.

தேசியத் துப்புரவுப் பணியாளர் ஆணையத்தின் கதை இதைவிட மோசம். 1993-ல் தனிச் சட்டம் போட்டு, 1994-ல் ஏற்படுத்தினார்கள். அந்தச் சட்டம் 2004-ல் காலாவதி ஆனது. அதற்குப் பிறகு அரசு நீட்டிப்புக் கொடுத்தால் உயிரோடிருக்கும் அமைப்பாக அது ஆகிவிட்டது. 2013 சட்டத்தை மேற்பார்வை பார்க்கும் பொறுப்பை இப்படிப்பட்ட ஆணையத்துக்குத்தான் கொடுத்தார்கள். காவல்காரனுக்குக் கம்பு கொடுக்கவில்லை, காவலுக்குப் போ என்று மட்டும் சொன்னார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. மாவட்டக் குழுவில் இந்தத் தொழிலை ஒழிக்கப் பாடுபடும் அமைப்புகளிலிருந்தோ அந்தச் சமூகத்திலிருந்தோ நான்கு பேர் வரை இருக்கலாம், அதில் இருவர் பெண்களாக இருக்க வேண்டும். மாவட்டத்தின் பட்டியல் சாதிச் சட்டமன்ற உறுப்பினர்களும் உறுப்பினர்கள். பிரதியின் சுவரில் உள்ள விரிசல் இது. இதற்குள் விரலை விட்டுப் பிளக்க வேண்டும் என்று பின்னால் சொல்வேன்.

5

இந்த அதிகாரப் பிரதிக்கு எதிராக ஒரு எதிர்ப்பிரதி எழுதப்பட்டது. அதை எழுதியவர்கள் எழுத்தாளர்கள் அல்ல.

கோலார் தங்கவயலில் மலம் அள்ளும் குடும்பத்தில் பிறந்த பெஜவாடா வில்சனும், எஸ்.ஆர். சங்கரன் போன்றவர்களும் சேர்ந்து உருவாக்கிய சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் 2003-ல் உச்சநீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது. மாநில அரசுகள் பதில் மனு போட்டன: எங்கள் மாநிலத்தில் மலம் அள்ளுவோர் இல்லை, உலர் கழிப்பிடம் இல்லை. இல்லை என்று சொல்வதற்கு ஒரு கையெழுத்துப் போதும். இருக்கிறது என்று நிரூபிப்பதற்கு? இயக்கத்தினர் மாவட்டம் மாவட்டமாக நடந்தார்கள். அள்ளும் பெண்களிடமே போய்ப் பெயர், ஊர், கழிப்பிடம் எழுதி, படம் எடுத்து நீதிமன்றத்தில் வைத்தார்கள். அரசு 'இல்லை' என்று எழுதிய ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு முகத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பே, மனிதர் அள்ளும் கழிப்பிடங்கள் நாட்டில் 7,94,390 என்று சொல்லிவிட்டது. பொய் மனு போட்டவர்கள் யாரும் அதற்காகத் தலை குனிந்ததாகத் தெரியவில்லை.

வழக்கு பத்து ஆண்டுக்கு மேல் நடந்தது. 2014 மார்ச் 27 அன்று தீர்ப்பு வந்தது. 1993-லிருந்து சாக்கடையில் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்தையும் கண்டுபிடித்து 10 லட்சம் கொடுக்க வேண்டும், அவசரச் சூழ்நிலையிலும் பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் இறக்குவது குற்றமாக்கப்பட வேண்டும் என்றது. இங்கே சென்னையில் அ. நாராயணன் தொடுத்த பொதுநல வழக்கில் 2008-லேயே உயர்நீதிமன்றம் குழிக்குள் ஆளை இறக்கத் தடை போட்டிருந்தது. 2017-ல் திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' ஆவணப்படமும் இந்த எதிர்ப்பிரதியின் ஒரு பகுதிதான். அதைத் திரையிடப் பல ஊர்களில் போலீஸ் தடை போட்டது, எடுத்தவர் மீது வழக்கும் மிரட்டலும் வந்தன. மலக்குழியைத் திறந்து ஆளை இறக்கியவனைத் தேடாத போலீஸ், படம் எடுத்தவரைத் தேடியது. யாரை எழுவாயாக்க இந்த அரசுக்கு விருப்பம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

'பொதுநலம்' என்ற சொல்லையும் கொஞ்சம் கிள்ளிப் பார்க்க வேண்டும். ஊருணியில் நமக்குப் பங்கில்லாத காலத்தில் அது 'பொது'க் கிணறு. தெருவில் நாம் செருப்புப் போட முடியாத காலத்தில் அது 'பொது'த் தெரு. அந்தப் பொதுவின் நலனுக்காகத்தான் நம் ஆள் குழிக்குள் இறங்கினான். மழை பெய்து சாக்கடை பொங்கினால் பொதுமக்கள் போன் போட்டுத் திட்டுவார்கள், அந்தத் திட்டின் அவசரத்தில்தான் பாதிச் சாவு நடக்கிறது. எனவே, இந்த வழக்குகளைப் பொதுநல வழக்கு என்று சொல்லும்போது, அந்தப் 'பொது'வுக்குள் நம்மை நாமே நுழைத்துக்கொண்டோம் என்று பொருள். யாரும் அழைத்து உட்காரவைக்கவில்லை.

6

தீர்ப்புகளைக் கொண்டாடுவதிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. 2014-ல் 10 லட்சம். 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் அதை 30 லட்சம் ஆக்கியது. நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சம். 2025 ஜனவரியில் சென்னை உட்பட ஆறு பெருநகரங்களில் ஆளை இறக்கும் வேலைக்கே தடை விதித்தது. நல்லதுதான். அந்தப் பணத்தை வாங்க அலையும் குடும்பங்களை எனக்குத் தெரியும், ஒரு ரூபாய் குறையக் கூடாது என்றுதான் நானும் அவர்களோடு நிற்கிறேன். ஆனால் தொகை ஏறியதே தவிர, தண்டனை ஏறவில்லை. சாவுக்கு விலை நிர்ணயமான பிறகு, அதைச் செலவுக் கணக்கில் எழுதிவிட்டு அடுத்த குழியைத் திறக்க முடிகிறது.

முதல் தகவல் அறிக்கையிலிருந்தே இந்தத் தப்பித்தல் தொடங்குகிறது. சந்தேக மரணம் என்று பதிவார்கள். வற்புறுத்தினால் கவனக்குறைவால் மரணம், முன்பு 304-ஏ, 2024-லிருந்து புதிய சட்டத்தில் 106. 2013 சட்டத்தைச் சேர்க்க ஸ்டேஷன் வாசலில் உட்கார வேண்டியிருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரியிலிருந்து நடைமுறைக்கு வந்த திருத்தம், பட்டியல் சாதியினரை மலம் அள்ள வைப்பதையே வன்கொடுமை என்கிறது. அதைச் சேர்க்கச் சொன்னால், 'இதில் எங்கய்யா சாதி வந்தது?' என்று கேட்கிறார்கள்.

ஒரு உண்மை அறியும் குழுவோடு ஒரு நகரத்துக்குப் போயிருந்தபோது, கணவனை இழந்த ஒரு அம்மா சொன்னதை எழுதிவைத்திருக்கிறேன். அறிக்கையில், அவர் 'தானாக இறங்கியபோது' வாயு தாக்கியது என்று எழுதியிருந்தார்கள். யாரோ படித்துச் சொன்னதும் அந்த அம்மா கேட்டார்: "அவரு எங்க தானா எறங்கினாரு? வீட்டுக்கு வந்து எழுப்பிக் கூட்டிட்டுப் போயி எறக்கிவுட்டாங்கய்யா. எறங்குனாருன்னு எழுதாத. எறக்குனாங்கன்னு எழுது."

இறங்கினார், இறக்கினார்கள். தன்வினை, பிறவினை. பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காக எழுதிய இலக்கணம். அந்த அம்மாவுக்குப் பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை. ஆனால் சட்டமும் போலீசும் பத்திரிகையும் சேர்ந்து எந்த இடத்தில் பொய் சொல்கின்றன என்று சரியாக அந்த ஒரு எழுத்தில் விரல் வைத்தார். ங்-கை எடுத்துவிட்டு க்-கைப் போடு என்கிறார். கொலைகாரன் அந்த மெய்யெழுத்துக்குள் இருக்கிறான்.

நம் எழுத்தாளர்களிடம் சொல்ல விரும்புவதும் இதுதான். மலக்குழி நம் கவிதைகளில் நிறைய வருகிறது. சமூகத்தின் நாற்றம், மனசாட்சியின் சாக்கடை என்று படிமமாக வருகிறது. படிமத்தில் காண்ட்ராக்டரின் பெயர் இருக்காது. எந்த வார்டு, எந்தத் தேதி, யார் மூடியைத் திறக்கச் சொன்னது என்பது இருக்காது. வாசிக்கிறவன் கண்கலங்கிவிட்டுத் தூங்கப் போவான். துயரத்தை மட்டும் எழுதுகிற எழுத்தும், 'விஷவாயு தாக்கிப் பலி' என்ற செய்தியும் ஒரு விஷயத்தில் ஒன்றுதான்: இரண்டிலும் இறக்கியவன் இல்லை. சாட்சியம் என்பது அழுகை மட்டும் அல்ல. நீதிமன்றத்தில் சாட்சி சொல்கிறவன் பெயரைச் சொல்வான், நேரத்தைச் சொல்வான், ஆளைக் காட்டுவான். தலித் இலக்கியம் தன்வரலாறு எழுதியபோது செய்தது இதைத்தான். 'நான்' என்று சொல்லி, 'அவன்' யாரென்று காட்டியது. மலக்குழிச் சாவுகளுக்கும் அந்த எழுத்து வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. 2005-ன் தகவல் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது, விண்ணப்பத்துக்குப் பத்து ரூபாய் ஆகும். உங்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். கண்காணிப்புக் குழு கடைசியாகக் கூடியது எந்தத் தேதியில்? கூட்டக் குறிப்பின் நகல் கொடுங்கள். குழுவில் உள்ள அந்த நான்கு பேர் யார், இரண்டு பெண்கள் யார்? நகராட்சி வைத்திருக்கும் 44 சாதனங்களின் இருப்புப் பதிவேட்டை நேரில் பார்க்க அனுமதி கொடுங்கள். ஆளை இறக்க எழுத்தில் கொடுத்த அனுமதிகள் எத்தனை, காரணம் என்ன? கூட்டமே நடக்கவில்லை என்று பதில் வந்தால் அதுவும் ஒரு ஆவணம். பட்டியல் சாதிச் சட்டமன்ற உறுப்பினர் எத்தனை கூட்டத்துக்குப் போனார் என்பதையும் கேளுங்கள். தேர்தல் நேரத்தில் சேரிக்கு வரும்போது அந்தத் தாளைக் காட்டுங்கள். இதுவரை கண்காணி நம்மை எண்ணினான். இனி நாம் அவனை எண்ண வேண்டும்.

இதழ்களுக்கும் ஒரு கோரிக்கை. கவிதை வரட்டும், கதை வரட்டும். பக்கத்திலேயே அந்தக் கூட்டக் குறிப்பையும் பதிவேட்டின் நகலையும் அச்சிடுங்கள். அடுத்த முறை ஒரு சாவு நடக்கும்போது நம் பக்கத்திலாவது வாக்கியம் ஒழுங்காக இருக்கட்டும்: இன்ன தேதியில், இன்ன அதிகாரியின் பொறுப்பில் உள்ள குழியில், இன்ன காண்ட்ராக்டர், இன்னாரை இறக்கிக் கொன்றார்.